மன்றோ படுத்திருக்கும் கோயில்: தருமபுரியிலிருந்து ஐந்து நாள்

முதல் நாள், வெள்ளி. தருமபுரி

ராத்திரிதான் மொரப்பூரில் ரயில். பை கட்டியாகிவிட்டது. சித்தி புளிச்சோறு கட்டிக்கொண்டிருக்கிறார். அதற்குள் இந்தப் பயணம் எதற்கு என்று எழுதிவிடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நான் வரலாறு நடத்துகிறவன். ரயத்துவாரி முறை வரும் பாடத்தில் ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: இது லண்டனில் உட்கார்ந்து யோசித்த விஷயம் இல்லை, நம்ம மண்ணில் நடந்து பார்த்துச் செய்த விஷயம். 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாரமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பாரமகால் என்றால் இன்றைக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர்ப் பக்கம். அதை நிர்வாகம் செய்யக் கேப்டன் ரீட் வந்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. 1799 வரைக்கும் ஏழு வருஷம் இந்தப் பக்கத்தில் ஊர் ஊராகப் போய், வயல் வயலாக அளந்து, இடையில் ஜமீன் யாரும் இல்லாமல் விவசாயி நேராகச் சர்க்காருக்கு வரி கட்டுகிற ஏற்பாட்டை உருவாக்கினார்கள். தருமபுரியில் தங்கியிருந்தபோது மன்றோ தோட்டம் போட்டு வளர்த்திருக்கிறார். ஊருக்கு எழுதிய கடிதங்களில் அந்தத் தோட்டத்தைப் பற்றி ஆசையாகச் சொல்லியிருக்கிறார். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநர் ஆனார். இறந்த பிறகு அவரை வைத்திருப்பது சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் ஆலயத்தில்.

இத்தனை வருஷம் பாடம் நடத்தியும் அந்தக் கல்லறையை நான் போய்ப் பார்த்ததில்லை. அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் சித்தப்பா. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களின் கிறிஸ்தவச் சபைகளில் முப்பது வருஷத்துக்கு மேல் உபதேசியாராக (ஆயருக்கு உதவியாக வேதம் போதிப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளும் ராந்தலும்தான் அவர் ஊழியம். சென்னைக்குப் பலமுறை போயிருக்கிறார், ஆனால் கதீட்ரலுக்குள், அதாவது பேராயரின் (பிஷப்பின்) தலைமை ஆலயத்துக்குள், போனதில்லை. "அங்க ஒரு ஞாயித்துக்கிழம திருவிருந்து வாங்கணும்பா" என்று, ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்க அவருக்கு ஆசை என்பதைச் சித்தி சொல்லக் கேட்டிருக்கிறேன், அவர் வாயால் சொன்னதில்லை. போன மாதம் நானாகக் கேட்டேன். "போலாம் தம்பி" என்றார். அவ்வளவுதான், டிக்கெட் போட்டுவிட்டேன்.

தருமபுரியிலிருந்து மொரப்பூருக்கு ஒரு காலத்தில் குட்டி ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்ச் சமயத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டார்கள். அதனால் இப்போது பஸ்ஸில் போய் அங்கே காத்திருக்க வேண்டும். சரி, கிளம்புகிறோம்.

இரண்டாம் நாள், சனி. கோட்டை

விடிவதற்கு முன்பே சென்ட்ரல். பெரியமேட்டில் ஓர் அறை எடுத்துக் குளித்து, டீ குடித்து, வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம்.

முதலில் தீவுத்திடல் பக்கம் மன்றோ சிலை. சாந்த்ரி என்ற ஆங்கிலேயச் சிற்பி செய்தது, 1839இல் நிறுத்தியிருக்கிறார்கள். குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார், சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. எத்தனையோ ஆங்கிலேயர் சிலைகளை நகரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள், இது இன்னும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. சித்தப்பா அண்ணாந்து பார்த்துவிட்டு, "இவரா நம்ம ஊர்ல இருந்தவரு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் ஒருமுறை பார்த்தார்.

கோட்டை வாசலில் பையைத் திறந்து காட்டி உள்ளே போனோம். தலைமைச் செயலகம் இருக்கிற இடம், காவல் இருக்கத்தானே செய்யும். ஆலயம் சட்டசபைக் கட்டடத்துக்குத் தெற்கே இருக்கிறது. வெள்ளைச் சுவர், கூர்க் கோபுரம். வெளியே நின்று பார்த்தால் இது இவ்வளவு பழையது என்று தோன்றவே தோன்றாது.

1678ஆம் வருஷம் மார்ச் 25, மரியாளுக்கு தேவதூதன் செய்தி சொன்ன திருநாளில் வேலை தொடங்கியதால் மரியாள் பெயர். 1680 அக்டோபர் 28இல் பிரதிஷ்டை. ஸ்ட்ரெய்ன்ஷம் மாஸ்டர் அப்போது கோட்டைத் தலைவர். சூயஸுக்குக் கிழக்கே இருக்கிற மிகப் பழைய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) ஆலயம் இதுதான் என்பார்கள். கூரையில் மரமே கிடையாது. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் தாங்கட்டும் என்று செங்கல்லால் வளைவு வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். சுவர் நாலடிக் கனம். உள்ளே கால் வைத்ததும் வெளியே இருந்த வெக்கை போய்விட்டது.

உள்ளே போவதற்கு முன்னால் முற்றத்தைச் சொல்ல வேண்டும். அதன் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியன், ஆங்கிலம் என்று எல்லா எழுத்தும் இருக்கிறது. பழைய ஒன்று எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது, 1652. இந்தக் கற்களுக்குக் கீழே யாரும் இல்லை. இவை முதலில் கோட்டைக்கு வெளியே, இன்றைக்குச் சட்டக் கல்லூரிக் கட்டடம் இருக்கும் பக்கத்து இடுகாட்டில் இருந்தவை. 1758–59இல் பிரெஞ்சுக்காரர்கள் முற்றுகை போட்டபோது அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்று சுட்டார்களாம். அதனால் பிறகு கற்களைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து பாவினார்கள். 1782இல் ஹைதர் அலியோடு சண்டை நடந்தபோது மறுபடியும் பெயர்த்துக் கோட்டைச் சுவர்மேல் பீரங்கிகளை நிறுத்த அடியில் போட்டார்கள். சண்டை முடிந்ததும் திரும்ப வந்தன. அந்த நாளில் எங்கள் கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஹைதர் கையில் இருந்தது. எங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிய பயம்தான் இந்தக் கற்களை இங்கே புரட்டியிருக்கிறது என்று எனக்குப் பட்டது.

சித்தப்பா வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "இங்க போட்டுக்கிட்டே போலாம் சித்தப்பா" என்றேன். "பேரு எழுதியிருக்கே தம்பி" என்றார். ஒவ்வொரு கல்லிலும் பெயர் இருக்கிறது, அதன்மேல் எப்படி நடப்பது? பத்து மணி வெயிலில் கல் சுட்டது. இரண்டு கல்லுக்கு நடுவே இருக்கும் சுண்ணாம்புக் கோட்டில் விரல்களை மட்டும் ஊன்றி, வரப்பில் நடக்கிற மாதிரி நடந்தார். அதைப் பார்த்து நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். வாசற்படிக்கு வருவதற்குள் உள்ளங்கால் கன்றிவிட்டது.

உள்ளே போனதும் ஞானஸ்நானத் தொட்டி. கருங்கல். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் பெண்கள் 1689இல் இந்த ஆலயத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார்கள். ராபர்ட் கிளைவ் மார்கரெட் மாஸ்கலைனைக் கல்யாணம் செய்ததும் இங்கேதான், 1753 பிப்ரவரி 18. பிரதிஷ்டை ஆன அடுத்த வாரமே நடந்த முதல் கல்யாணம் எலிஹு யேலுடையது. அமெரிக்காவில் இருக்கும் யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர்தான்.

அப்புறம் மன்றோ. ஆளுநர்கள் சிலரை உள்ளேயே அடக்கம் செய்திருக்கிறார்கள், அவர்களில் ஒருவர். 1827 ஜூலை 6இல், ஆந்திராவில் பத்திகொண்டா பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது காலராவில் இறந்தார். பதவியை விட்டு ஊருக்குக் கிளம்ப வேண்டிய சமயம் அது. குத்தி என்ற ஊரில் புதைத்து, பிறகு 1831இல் இங்கே கொண்டுவந்தார்கள். நான் முழங்காலிட்டு அந்தக் கல்லில் கை வைத்தேன். தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோல் இருந்தது. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியாக இருக்கிற ஆள், எங்கள் ஊர் ஏரிக்கரையிலும் வரப்பிலும் நடந்த ஆள். அவர் மேல் எனக்கு விமர்சனம் இல்லாமல் இல்லை. ஆரம்பத்தில் போட்ட வரி ஏழை விவசாயிக்குத் தாங்காத வரிதான். ஆனால் 1807இல் கால்வாசி வரியைக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கேட்டவரும் அவரே. நிலத்தைக் காலால் நடந்து பார்த்தவன் கடைசியில் அங்கேதான் வந்து சேருவான் என்று நினைக்கிறேன்.

சித்தப்பாவுக்கு மன்றோவைவிடப் பிடித்தது சுவார்ட்ஸ் ஐயரின் நினைவுச் சிற்பம். கம்பெனியே செலவு செய்து லண்டன் சிற்பி பேக்கனிடம் பளிங்கில் செய்து வாங்கியது. சுவார்ட்ஸ் ஜெர்மானிய மிஷனரி, லுத்தரன் (மார்ட்டின் லூதர் வழிச் சபையார்), தமிழில் சரளமாகப் பேசியவர். 1779இல் கம்பெனிக்காக ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியிடம் பேசினார். ஹைதர் அவர் ஒருவரை மட்டும்தான் நம்பினாராம். தஞ்சாவூர் மன்னர் சரபோஜியை வளர்த்ததிலும் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயக சாஸ்திரியாரைப் படிக்கவைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. "சாஸ்திரியார் கீர்த்தனை இல்லாம நம்ம சபைல ஒரு ஞாயிறாவது உண்டா?" என்று சித்தப்பா மெல்லச் சொன்னார்.

வெளியே வரும்போது ஒன்று உறைத்தது. சுவர் நிறையப் பெயர் இருக்கிறது. அவற்றில் ஒரு தமிழ்ப் பெயரை நான் பார்க்கவில்லை. இந்தச் செங்கல்லை அறுத்தவர்கள், சுண்ணாம்பை அரைத்தவர்கள், வளைவைக் கட்டிய கொத்தனார்கள் எல்லாம் நம் ஆட்கள்தான். அந்தச் சுண்ணாம்புக் கோட்டில்தான் சித்தப்பா நடந்து வந்தார்.

மூன்றாம் நாள், ஞாயிறு. கதீட்ரல்

கதீட்ரல் ரோடு என்று பஸ்ஸில் எத்தனை தடவை கேட்டிருப்போம். அந்தக் கதீட்ரல் இதுதான், புனித ஜார்ஜ் பேராலயம். மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம். உள்ளே போனால் மவுண்ட் ரோட்டுச் சத்தம் அடங்கிவிடுகிறது.

1815இல் கட்டி முடித்து, 1816இல் கல்கத்தாவின் முதல் பேராயர் மிடில்டன் வந்து பிரதிஷ்டை செய்தார். வரைபடம் கால்டுவெல் என்ற ராணுவப் பொறியாளருடையது (நம்ம ராபர்ட் கால்டுவெல் இல்லை, இவர் ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல்). கூடவே டி ஹாவிலாண்ட் என்ற இன்னொரு பொறியாளர். முதலில் இது வெறும் பங்கு ஆலயம். 1835இல் சென்னைக்கென்று தனிப் பேராயம் வந்து, டேனியல் கோரி முதல் பேராயர் ஆனபோது கதீட்ரல் ஆனது. அதுவரை இந்த ஊர் கல்கத்தாப் பேராயருக்குக் கீழே இருந்தது. இவ்வளவு காலம் பேராயர் இல்லாமல் எப்படி இருந்தார்கள் என்று சித்தப்பா கேட்டார். கம்பெனிக்கு வியாபாரம்தான் முக்கியம். தன் ஆட்களுக்குச் சாப்ளின் (குருவானவர்) வைத்துக்கொண்டது, ஊர்க்காரர்களிடம் மிஷனரிகள் போவதை அது விரும்பவில்லை. 1813இல் பாராளுமன்றம் சாசனத்தைப் புதுப்பித்தபோதுதான் மிஷனரிகளுக்கும் கதவு திறந்தது, பேராயர் பதவிக்கும் வழி பிறந்தது.

ஆராதனை ஆங்கிலத்தில். சித்தப்பாவுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் எங்கே எழுந்து நிற்க வேண்டும், எங்கே "ஆமென்" சொல்ல வேண்டும் என்பதில் ஓர் இடத்தில்கூட அவர் தடுமாறவில்லை. பாவ அறிக்கை, விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த ஜெபம் எல்லாவற்றையும் வாய்க்குள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் தருமபுரியில் ஞாயிறுதோறும் சொல்கிற அதே ஒழுங்கு.

திருவிருந்துக்கு வரிசையாகப் போனோம். பீடத்துக்கு முன்னால் தடுப்பு, அதன் அடியில் முழங்கால் போட மெத்தை. சித்தப்பாவுக்கு முட்டி வலி, வீட்டில் தரையில் உட்காருவதையே விட்டு நாலு வருஷம் ஆகிறது. "நின்னுக்கிட்டே வாங்கிக்கலாம் சித்தப்பா" என்று காதில் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டார். ஒரு கையால் தடுப்பைப் பிடித்து, ஒரு முழங்கால், அப்புறம் இன்னொன்று. இடது உள்ளங்கையின் மேல் வலது உள்ளங்கையை வைத்துக் குழித்துக்கொண்டு, மார்புக்கு நேரே நீட்டினார். வலது கட்டைவிரலில் பழைய அரிவாள் வெட்டுத் தழும்பு. ஆயர் அப்பத்தை வைத்தபோது அந்தக் கை நடுங்கவே இல்லை. கிண்ணம் வந்து போனது. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய், அடுத்த வரிசை வந்து முழங்காலிட்டது. இவர் அப்படியே இருந்தார். நானும் இருந்தேன். அப்புறம் அவராகவே என் தோளைப் பிடித்து எழுந்தார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் பேசினார். என் தாத்தா, அதாவது அவருடைய அப்பா, சேலம் வட்டாரத்தில் லண்டன் மிஷன் சபையில் உபதேசியாராக இருந்தவர். அப்போது தருமபுரியும் சேலம் மாவட்டம்தான், 1965இல்தான் பிரிந்தது. லண்டன் மிஷன் ஆங்கிலிக்கன் இல்லை. அவர்களுக்குப் பேராயர் கிடையாது, ஒவ்வொரு சபையும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும். திருவிருந்தன்று எல்லாரும் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பார்கள், தட்டு கை மாறிக் கை மாறி வரும். ஆங்கிலிக்கன் சபைகளிலோ முழங்காலிட்டுத்தான் வாங்குவார்கள், அதுவும் பேராயர் தலையில் கைவைத்து விசுவாசத்தில் திடப்படுத்திய பிறகுதான். ஒரே ஊரில் இருந்தாலும் ஒருவர் பந்தியில் இன்னொருவர் உட்கார முடியாத நிலை.

1947 செப்டம்பர் 27. சுதந்திரம் வந்து ஆறு வாரம். இந்தக் கதீட்ரலில்தான் ஆங்கிலிக்கர், மெதடிஸ்டுகள், தென்னிந்திய ஐக்கிய சபையார் மூவரும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். ஐக்கிய சபை என்பது 1908இலேயே பிரஸ்பிட்டேரியன்களும் (பேராயர் இல்லாமல் மூப்பர்கள் நடத்தும் சபையார்) லண்டன் மிஷன் போன்ற சபைகளும் சேர்ந்து உண்டானது. சேர்ப்பு ஆராதனையை நடத்தியவர் திருவிதாங்கூர்ப் பேராயர் சி.கே. ஜேக்கப். பேராயர் உள்ளவர்களும் இல்லாதவர்களும் இப்படி ஒன்றாவது உலகத்தில் அதுவரை நடக்காதது.

தாத்தா அன்றைக்குச் சென்னை வரவில்லை, வருவதற்குக் காசு ஏது? ஆனால் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவர் சபைக்கு வந்த ஆயர், "முழங்காலிடலாம், உட்காரலாம், உங்க வழக்கப்படி" என்று சொல்லியிருக்கிறார். தாத்தா மட்டும் முழங்காலிட்டாராம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம், "அவங்க நம்ம கூட உட்கார ஒத்துக்கிட்டாங்க, நாம அவங்க கூட முழங்கால் போட வேண்டாமா?" என்றாராம். சித்தப்பாவுக்கு அப்போது ஏழெட்டு வயசு. "அந்த ஒப்பந்தம் நடந்த எடம் இதானே தம்பி. அதான் முட்டி போட்டேன்" என்றார்.

எனக்கு இது இதுவரை தெரியாது. ஒரே வீட்டில் வளர்ந்தும் தெரியாது.

கதீட்ரலில் இன்னும் நிறைய இருக்கிறது. பேராயர் ஹீபருக்குச் சாந்த்ரி செய்த சிற்பம், கோரியின் சிலை. ஹீபர் 1826இல் திருச்சியில் திடப்படுத்தல் ஆராதனை முடித்துக் குளிக்கப் போன இடத்தில் இறந்தவர். பின்பக்கத்து இடுகாட்டு வேலியை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பிடித்த துப்பாக்கிகளையும் ஈட்டிகளையும் வைத்துச் செய்தார்கள் என்பார்கள். அதையும் பார்த்தோம். ஆனால் இன்றைக்கு என் மனசு அதிலெல்லாம் நிற்கவில்லை.

சாயங்காலம் எழும்பூர் ஸ்காட்லாந்து ஆலயம், கிர்க். 1821. இது முதலில் ஆங்கிலிக்கன் ஆலயமாக இல்லை, பிரஸ்பிட்டேரியன் ஆலயமாக இருந்தது. களிமண் பூமி என்பதால் கிணறு கிணறாக இறக்கி அதன்மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். உள்ளே வட்டமான குவிமாடம், நீல வானமும் நட்சத்திரமும். கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம்.

நான்காம் நாள், திங்கள். வேப்பேரி, சிந்தாதிரிப்பேட்டை

நேற்று முன்தினம் தமிழ்ப் பெயர் காணவில்லை என்று எழுதினேனே, அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இன்றைக்குத் தமிழோடு சம்பந்தப்பட்ட இடங்கள்.

வேப்பேரி புனித மத்தியா ஆலயம். கதை கொஞ்சம் சுற்றி வரும். ஆர்மீனிய வியாபாரி கோஜா பெட்ரஸ் உஸ்கான் இங்கே கத்தோலிக்கர்களுக்காக ஒரு சிற்றாலயம் கட்டினார். சைதாப்பேட்டைப் பழைய பாலமும் பரங்கிமலைப் படிகளும் அவர் கொடுத்த பணம்தான். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து சென்னையைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் சிற்றாலயத்தைக் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்து பப்ரிசியுஸ் ஐயர் என்ற மிஷனரியிடம் கொடுத்துவிட்டார்கள். கட்டிய உஸ்கானுக்கு அது நியாயம் இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவர் கல்லறையும் இந்த வளாகத்திலேயே இருக்கிறது. இதயத்தை மட்டும் அவர் பிறந்த ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள் என்று சொல்வார்கள்.

பப்ரிசியுஸ் ஐயரும் ஜெர்மானிய லுத்தரன். சம்பளம் கொடுத்தது லண்டனில் இருந்த ஓர் ஆங்கிலிக்கன் சங்கம். 1742இல் சென்னைக்கு வந்தவர் சாகும்வரை இங்கேதான். 1761இல் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்து வந்த அச்சு இயந்திரம் அவர் கைக்கு வந்தது. அதில்தான் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பையும், 1779இல் தமிழ்–ஆங்கில அகராதியையும் அச்சிட்டார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்ததும் அவரே. பணக்கணக்கு பார்க்கத் தெரியாமல், அடுத்தவரை நம்பிக் கடனில் மாட்டி, முதுமையில் சிறைக்கும் போனார். 1791இல் இறந்தார். சித்தப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. "கடன்காரனா ஜெயில்ல இருந்தவரு கைலேர்ந்து வந்த வார்த்தையத்தான் நான் ஊரூரா கொண்டுபோனேனா" என்றார். அவர் முதன்முதலில் கிராமத்துக்கு எடுத்துப்போன வேதாகமம் வேறு மொழிபெயர்ப்புதான். ஆனால் பப்ரிசியுஸுக்குப் பின்வந்த மொழிபெயர்ப்புகள் பலவும் அவர் செய்ததை வைத்துக்கொண்டுதான் செய்தவை, அதனால் நான் திருத்தவில்லை.

மத்தியானம் பாரிமுனைப் பக்கம் சாப்பாடு. சித்தப்பாவின் செருப்பு வார் அறுந்தது. தைக்கிறவர் கிடைக்க அரைமணி நேரம். அதோடு மழையும் பிடித்துக்கொண்டது.

மழை விட்டதும் சிந்தாதிரிப்பேட்டை. கூவம் வளைகிற இடத்தில் நெசவாளர்களுக்காக 1730களில் உருவாக்கிய பேட்டை. அங்கே சீயோன் ஆலயம். முதலில் அமெரிக்கன் மிஷன்காரர்களுடையது. தமிழ்–ஆங்கிலப் பேரகராதியை 1862இல் வெளியிட்ட வின்ஸ்லோ இந்தப் பேட்டையில் ஊழியம் செய்தவர். பிறகு ஆங்கிலிக்கன் மிஷன் சங்கத்துக்குக் கை மாறியது. அப்புறம்தான் என் தேடலுக்குப் பதில். இதன் ஆயராக நெடுங்காலம் இருந்தவர் டபிள்யூ. டி. சத்தியநாதன், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர். அவர் மனைவி அன்னா, ஜான் தேவசகாயம் ஐயரின் மகள். திருநெல்வேலியில் முதலில் குருப்பட்டம் பெற்ற தமிழர்களில் ஒருவர் அந்த ஐயர். அன்னா இந்தத் தெருக்களில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார், வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்கு வீட்டுக்கே போய்ப் பாடம் சொன்னார். மருத்துவம் படிக்க வந்த ஒரு மராட்டிப் பெண் இவர்கள் வீட்டில்தான் தங்கினாள். அவளே இவர்கள் மருமகள் ஆனாள். ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவரான கிருபாபாய்.

கோட்டை ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் இங்கே வருவதில்லை. சென்னைக்கு வந்தால் நேரமிருந்தால் இங்கே வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், நேரம் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். மழை ஈரத்தோடு நெருக்கமான தெரு, மீன் கூடை, சைக்கிள் ரிக்‌ஷா, நடுவே இந்த ஆலயம். சித்தப்பா வாசலில் இருந்தவரிடம் அனுமதி கேட்டு, முன்வரிசையில் உட்கார்ந்து பாமாலைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒன்றைத் தனியாகப் பாடினார். குரல் கொஞ்சம் உடைந்தது. ஆனால் கோட்டையிலும் கதீட்ரலிலும் அவர் இப்படி வாய்விட்டுப் பாடவில்லை.

ஐந்தாம் நாள், செவ்வாய். கிருஷ்ணகிரி

கோயம்பேடு போகாமல் பூந்தமல்லியில் பஸ் ஏறினோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி. பர்கூர் தாண்டியதும் மலை தெரிந்தது. தருமபுரிக்குப் போகாமல் கிருஷ்ணகிரியில் இறங்கினோம், என் தங்கை, அதாவது சித்தப்பா மகள், இங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

மாப்பிள்ளை வீடு லுத்தரன். அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையார் 1895இல் முதன்முதலில் இந்தியாவுக்கு வந்தபோது, நேதர் என்ற மிஷனரி ஊழியம் தொடங்கியது இந்தக் கிருஷ்ணகிரியில்தான். இவர்கள் 1947இல் சேரவில்லை, இன்றைக்கும் தனிச் சபை. கல்யாணத்தின்போது எந்த ஆலயத்தில் வைப்பது என்று இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் இங்கேதான் நடந்தது. சித்தப்பாவுக்கு அன்றைக்கு வருத்தம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை, "மாமா, கோட்டையில சுவார்ட்ஸ் ஐயரைப் பாத்தீங்களா? அவரு எங்க ஆளு" என்றார். "பப்ரிசியுஸ் ஐயரும் உங்க ஆளுதான் மாப்ளே" என்று சித்தப்பா சொல்லி, வேப்பேரி கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஆங்கிலேயன் சம்பளம், லுத்தரன் ஐயர், தமிழ் வார்த்தை. சோறு ஆறும்வரை இரண்டு பேரும் விடவில்லை.

பேத்திக்குப் பதினாலு வயசு, திடப்படுத்தல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அடுத்த வருஷம் முதல் திருவிருந்து. "தாத்தா, அப்பத்தை எப்படி வாங்கணும், கையிலயா வாயிலயா?" என்று கேட்டாள். சித்தப்பா நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்து, இடது உள்ளங்கையின் மேல் வலதை வைத்து, நடுவில் கொஞ்சம் குழித்துக் காட்டினார். "விரலைச் சேத்து வை. துணுக்கு கீழ விழக்கூடாது." அவள் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றாள். தங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் குழிந்த கையில் ஒரு பிடி வறுத்த கடலையை வைத்துவிட்டுப் போனாள்.

ஏழரை மணிக்குத் தருமபுரி பஸ். சித்தப்பா இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். எட்டரைக்கும் ஒன்று உண்டு, அதில் போகிறோம்.